பிளேட்லெட் சீட்டு கைக்கு வந்துவிட்டதா? வேலூருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் உறவினரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, கையில் ஒரு சீட்டுடன் ரத்த வங்கி வாசலில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ ஓடிய மாதங்களில் பிளேட்லெட்டுக்காக (ரத்தம் உறைய உதவும் சிறு அணு) நான் அலைந்ததில் பாதி, யாராவது முன்பே விவரமாகச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். நான் டாக்டர் இல்லை. ஏற்றுவதா வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு. டோனர், காகிதம், பணம், நேரம் இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அட்டெண்டராக இருக்கும் நம் வேலை. இங்கே சொல்வதும் அதைப் பற்றித்தான்.

ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே மனதில் பதியட்டும். சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். பிளேட்லெட்டின் ஆயுள் 5 நாள்தான். அதையும் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரிக்குள், நிறுத்தாமல் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 5 நாளிலும் பரிசோதனைக்கே ஒரு நாள் வரை போய்விடும். அதனால் பெரிய ரத்த வங்கியிலும் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் சாதாரணம். யாரும் நம்மை அலைக்கழிக்க வேண்டுமென்று சொல்வதில்லை. இரண்டாவது, பைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. எந்த முறையில் பிரித்தது, எந்தத் தேதியில் எடுத்தது, எப்படி வைத்திருந்தது என்பதைப் பொறுத்துத்தான் நோயாளிக்குக் கவுண்ட், அதாவது ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை, ஏறும்.

1. ஓடுவதற்கு முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி

முதல் கேள்வி: 'இப்போதே ஏற்ற வேண்டுமா, தயாராக வைத்திருந்தால் போதுமா?' ரத்தக்கசிவு எதுவும் இல்லாத கீமோ நோயாளிக்கு, கவுண்ட் 10,000க்குக் கீழே போகும்போது ஏற்றுவது பொதுவான வழக்கம். காய்ச்சலோ தொற்றோ இருந்தால் 20,000லேயே ஏற்றுவார்கள். அறுவை சிகிச்சை என்றால் 50,000 வரை கொண்டுவரப் பார்ப்பார்கள். மூளை, கண் சம்பந்தப்பட்டது என்றால் ஒரு லட்சம். எதற்காக ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று தெரியும்.

டெங்குக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மழைக்காலம் வந்தாலே கவுண்ட் 40,000 என்றதும் குடும்பமே கதிகலங்கி டோனர் தேட ஆரம்பித்துவிடுகிறது. டெங்கில் கவுண்ட் குறைந்து தானாகவே ஏறிவிடும். ரத்தக்கசிவு இல்லாமல், 10,000க்கு மேல் இருக்கும்போது வெறும் எண்ணைப் பார்த்து ஏற்றுவதற்கு நம் நாட்டு வழிகாட்டுதலே இடம் கொடுப்பதில்லை. அங்கே பிளேட்லெட்டை விட, நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய விஷயம். டாக்டர் வேண்டாம் என்றால் சண்டை போடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: 'இந்தக் கவுண்ட் ஸ்லைடில் பார்த்து உறுதி செய்ததா?' சிலருடைய ரத்தம், சோதனைக் குழாயில் இருக்கும் மருந்தோடு சேரும்போது பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிஷின் அந்தக் கட்டிகளை எண்ணாமல் விட்டுவிட, உடம்பில் சரியாக இருக்கும் கவுண்ட் ரிப்போர்ட்டில் படுபாதாளத்தில் நிற்கும். ஆள் நன்றாக இருக்கிறார், உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை, கவுண்ட் மட்டும் திடீரென்று சரிந்திருக்கிறது என்றால் இதைக் கேட்பதில் தப்பில்லை. அப்புறம், ரிப்போர்ட்டில் 0.18 லட்சம் என்று இருந்தால் 18,000. அவசரத்தில் இதை 1.8 லட்சம் என்று படித்து நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. சிலர் 1,800 என்று படித்து மயக்கம் போட்டு விழுவார்கள்.

2. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

சீட்டில் 'ஆர்.டி.பி.' (ரேண்டம் டோனர் பிளேட்லெட்) அல்லது 'எஸ்.டி.பி.' (சிங்கிள் டோனர் பிளேட்லெட்) என்று இருக்கும். எதுவும் இல்லாமல் 'பிளேட்லெட்' என்று மட்டும் இருந்தால் திரும்பிப் போய்க் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் நின்ற பிறகு வார்டுக்கு ஓடுவதை விட இது மேல். இரண்டுக்கும் டோனர் வேறு, செலவு வேறு, நேரமும் வேறு.

ஆர்.டி.பி. என்பது சாதாரணமாக ஒருவர் கொடுக்கும் 350 அல்லது 450 மில்லி ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. ஒரு பையில் 50 முதல் 70 மில்லி வரை இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு பை ஏற்றினால் 5,000 முதல் 10,000 வரை கவுண்ட் கூடலாம். அதனால் பத்து கிலோ எடைக்கு ஒரு பை என்று கணக்குப் போட்டு, ஒரு தடவைக்கு நாலு முதல் ஆறு பை கேட்பார்கள். பெயர் ஒன்றுதான் என்றாலும் இதைப் பிரிக்க இரண்டு முறை இருக்கிறது.

முதலாவது பி.ஆர்.பி. முறை, அதாவது பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) வழியாகப் பிரிப்பது. ரத்தப் பையை முதலில் மெதுவாகச் சுற்றுவார்கள். சிவப்பணு அடியில் தங்க, பிளேட்லெட்டோடு கூடிய பிளாஸ்மா மேலே நிற்கும். அதை இணைந்திருக்கும் இன்னொரு பைக்குத் தள்ளி, இந்த முறை வேகமாகச் சுற்றுவார்கள். பிளேட்லெட் எல்லாம் பையின் அடியில் ஒட்டிப் படியும். மேலே உள்ள பிளாஸ்மாவைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மிச்சத்தோடு ஒரு மணி நேரமாவது அசைக்காமல் வைப்பார்கள். கட்டிகள் தானாகக் கரைந்த பிறகுதான் ஆட்டும் மிஷினுக்குப் போகும். இந்த ஓய்வு நேரத்தை யாரும் அவசரப்படுத்த முடியாது. 'பை அங்கே சும்மாதானே கிடக்கிறது, கொடுங்கள்' என்று ஒருவர் கவுண்டரில் சத்தம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அது சும்மா கிடக்கவில்லை. இந்த முறையின் குறை என்னவென்றால், வேகமாகச் சுற்றும்போது பிளேட்லெட்கள் பிளாஸ்டிக் சுவரில் நேராக அழுந்துகின்றன. அந்த அழுத்தத்திலேயே ஒரு பகுதி தூண்டப்பட்டு, செய்ய வேண்டிய வேலையைப் பைக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். வெள்ளையணுவும் கூடுதலாகக் கலந்து வரும்.

இரண்டாவது பஃபி கோட் முறை. இதில் வரிசை தலைகீழ். முதலில் வேகமாகச் சுற்றுவார்கள். அடியில் சிவப்பணு, மேலே பிளாஸ்மா, நடுவில் மெல்லிய ஓர் அடுக்காக வெள்ளையணுவும் பிளேட்லெட்டும். பஃபி கோட் என்னும் அந்த அடுக்கை மட்டும் கொஞ்சம் பிளாஸ்மாவோடு பிரித்து, பிறகு மெதுவாகச் சுற்றிப் பிளேட்லெட்டை எடுப்பார்கள். வேகமான சுற்றின்போது பிளேட்லெட்கள் சிவப்பணுவின் மேல்தான் அழுந்துகின்றன, சுவரில் இல்லை. அதனால் தூண்டப்படுவது குறைவு. வெள்ளையணுக் கலப்பும் குறைவு. பிரிக்கும்போது அந்த அடுக்கிலேயே கொஞ்சம் பிளேட்லெட் தங்கிவிடும் என்பது இதன் நஷ்டம்.

எஸ்.டி.பி. என்பது மிஷினில் எடுப்பது. ஒரே டோனரின் ரத்தம் மிஷினுக்குள் போய், பிளேட்லெட்டும் கொஞ்சம் பிளாஸ்மாவும் மட்டும் தனியாகப் பிரிய, மீதி அவருக்கே திரும்பிப் போகும். பையில் 200 முதல் 300 மில்லி வரை இருக்கும். ஒரு பை ஏறக்குறைய ஆறு ஆர்.டி.பி.க்குச் சமம். கவுண்ட் 30,000 முதல் 60,000 வரை ஏறலாம். இப்போதைய மிஷின்களில் பெரும்பாலும் வெள்ளையணு குறைக்கப்பட்டே வரும். டோனருக்குக் கவுண்ட் நன்றாக இருந்தால் ஒரே அமர்வில் இரண்டு பைக்கான அளவு எடுப்பதும் உண்டு.

அப்படியென்றால் எஸ்.டி.பி.தான் உசத்தியா? எல்லோருக்கும் இல்லை. ஒழுங்காகத் தயாரித்து ஒழுங்காக வைத்திருந்தால் மூன்றுமே ஐந்தாம் நாளிலும் தரத்துக்குள் நிற்கும். ஒரே ஒரு முறை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்கு ஆர்.டி.பி. தாராளமாகப் போதும். மாதக்கணக்கில் ஏற்ற வேண்டியவர்கள் விஷயம் வேறு. ஒவ்வொரு பையிலும் வெள்ளையணு கலந்து வந்தால், உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துக்கொண்டு, பின்னால் எந்தப் பையை ஏற்றினாலும் கவுண்ட் நிற்காத நிலைக்குக் கொண்டுபோய்விடும். அவர்கள் கேட்க வேண்டியது 'வெள்ளையணு வடிகட்டியதா?' என்பதைத்தான். வடிகட்டிய ஆர்.டி.பி. இந்த விஷயத்தில் எஸ்.டி.பி.க்குப் பின்தங்குவதில்லை. எஸ்.டி.பி.யில் கூடுதல் லாபம், ஆறு பேருடைய ரத்தத்துக்குப் பதில் ஒருவருடையது மட்டும் உள்ளே போகிறது என்பது. கடன் வாங்கியாவது எஸ்.டி.பி.தான் என்று குடும்பங்கள் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

3. டோனர்: யார் கொடுக்கலாம், யாரை அழைத்து வரக் கூடாது

ஆர்.டி.பி. என்றால் பெரும்பாலும் ஸ்டாக்கில் இருந்து கொடுத்துவிட்டு, பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். அந்த ஆள் எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. எஸ்.டி.பி. என்றால் நோயாளிக்குப் பொருந்தும் குரூப்பில் டோனர் வேண்டும்.

மிஷினில் கொடுப்பவருக்கு வயது 18க்கு மேல் 60க்குள், எடை 50 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டு கையிலும் நரம்பு நன்றாகத் தெரிய வேண்டும். பாதிப் பேர் நரம்பு விஷயத்தில்தான் திரும்பி வருவார்கள். அதனால் ஒருவர் தேவை என்றால் மூன்று பேரைத் தயார் செய்யுங்கள். சாதாரண ரத்ததானம் செய்து 28 நாள் ஆகாதவர், டெங்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர், டைஃபாய்டு வந்தோ பச்சை குத்தியோ ஒரு வருடம் ஆகாதவர் வேண்டாம். போனிலேயே கேட்டு வடிகட்டிவிடுங்கள். ஆரணியிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, இடது கையில் புதிதாகக் குத்திய பச்சையைக் காட்டி நிற்கிறவரைத் திருப்பி அனுப்புவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: மூன்று நாளைக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டாரா? தலைவலி, உடம்பு வலி என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் ஆஸ்பிரின் கலந்தது உண்டு. அது டோனரின் பிளேட்லெட்டை, அந்தப் பிளேட்லெட்டின் ஆயுள் முழுக்கச் செயலிழக்க வைத்துவிடும். பையில் எண்ணிக்கை சரியாக இருக்கும், வேலை மட்டும் செய்யாது. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரை அழைக்கவே வேண்டாம்.

சொந்தக்காரர் விஷயம். 'கூடப்பிறந்த தம்பி இருக்கும்போது வேற்றாள் ரத்தம் எதற்கு?' என்று நம் ஊரில் கட்டாயம் ஒரு பெரியவர் கேட்பார். நோயாளிக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்யும் யோசனை இருந்தால் கூடப்பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகள் யாருடைய ரத்தமும் முன்கூட்டியே ஏறக் கூடாது. நாளை மஜ்ஜை கொடுக்கப் போகிறவரையே உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும். மஜ்ஜை மாற்றும் திட்டம் இல்லையென்றாலும், ரத்த உறவினர் கொடுத்த பையைக் கதிர்வீச்சுக் கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பையில் உள்ள வெள்ளையணு நோயாளியின் உடம்பைத் தாக்கும் ஆபத்து இருக்கிறது. அரிது, ஆனால் வந்தால் உயிருக்கே உலை. சொந்தக்காரர் டோனராக வந்தால் அதை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள்.

வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்கு இங்கே ஆள் பழக்கம் இருக்காது. காட்பாடி, பாகாயம் பக்கத்துக் கல்லூரிகளில் ரத்ததானக் குழு வைத்திருக்கும் மாணவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் ஓடி வருவார்கள். செமஸ்டர் விடுமுறையிலும் பொங்கல், தீபாவளி வாரத்திலும் மட்டும் ஊரே காலியாகிவிடும். கீமோ தேதி அந்த வாரத்தை ஒட்டி விழுந்தால், பத்து நாள் முன்பே ஆள் சொல்லி வையுங்கள். வாசலில் நின்றுகொண்டு 'டோனர் ஏற்பாடு பண்ணித் தர்றேன், இவ்வளவு கொடுங்க' என்று பேசும் ஆசாமிகளிடம் போகாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதோடு, காசுக்காக வருகிறவர் தன் நோயை மறைக்கத்தான் பார்ப்பார்.

4. டோனரைத் தயார் செய்வது

முந்தைய இரவு நல்ல தூக்கம், காலையில் எண்ணெய் அதிகம் இல்லாத டிபன், நிறையத் தண்ணீர். வெறும் வயிற்றில் வரவே கூடாது. அதற்காக இப்படியும் வேண்டாம்: ஒரு நோயாளியின் உறவினர்கள், டோனர் பையன் ஆம்பூரிலிருந்து வருகிறான், தெம்பாக இருக்கட்டும் என்று வழியிலேயே வயிறு முட்டப் பிரியாணி வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தார்கள். சாம்பிளைச் சுற்றிப் பார்த்தபோது, தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய பிளாஸ்மா வெண்மையாகக் கலங்கி நின்றது. கொழுப்பு. டெக்னீஷியன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, 'இன்னைக்கு வேணாம் தம்பி, நாளைக்குக் காலையில இட்லி சாப்பிட்டுட்டு வா' என்று அனுப்பிவிட்டார். டோனர் தானம் கொடுத்து முடித்த பிறகு பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

மிஷினில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நடுவே உதடும் விரல்நுனியும் மதமதக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. உடனே சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். டோனர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.

5. காகிதங்கள்

இவை இல்லாமல் கவுண்டருக்குப் போகாதீர்கள்:

- டாக்டர் கையெழுத்திட்ட ரத்தத் தேவைப் படிவம். பெயர், வயது, மருத்துவமனை எண், வார்டு, குரூப், எந்த வகை, எத்தனை பை, எத்தனை மணிக்குள் என்பது எல்லாம் நிரப்பியிருக்க வேண்டும். கதிர்வீச்சு, வடிகட்டல் தேவை என்றால் அதுவும்.
- நோயாளியின் ரத்த சாம்பிள். குழாயில் ஒட்டிய பெயரும் எண்ணும் படிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.
- டோனரின் ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, போன் நம்பர்.
- பணம் கட்டிய ரசீது, காப்பீட்டில் இருந்தால் அதன் அனுமதி விவரம்.

தப்பு நடப்பது இரண்டாவதில்தான். படிவத்தில் 'முருகன்', குழாயில் 'முருகேசன்' என்று இருந்தால் சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. ஆள் மாறினால் உயிர் போகும் காரியம் அது. சாம்பிள் எடுக்கும்போதே பக்கத்தில் நின்று லேபிளைப் படித்துவிடுங்கள்.

நோயாளி ஒரு மருத்துவமனையிலும் ரத்த வங்கி வேறு இடத்திலும் என்றால், வெளியிலிருந்து வரும் பையை ஏற்றுக்கொள்வார்களா என்று வார்டில் முதலில் கேளுங்கள். சில இடங்களில் ஏற்பதில்லை. பலகைகளில் இப்போது 'ரத்த மையம்' என்று போட்டிருப்பார்கள், அதுவும் ரத்த வங்கிதான். எந்த இடத்தில் எந்த வகை இருப்பு இருக்கிறது என்று மத்திய அரசின் ஈ-ரக்த்கோஷ் தளத்தில் மாவட்டம் போட்டுப் பார்க்கலாம். அதை மட்டும் நம்பிக் கிளம்பாமல், போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. செலவு

ரத்தத்துக்கு விலை கிடையாது. எடுத்து, சோதித்து, பிரித்து வைக்கும் செலவை மட்டுமே வாங்கலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 இறுதியில் மறுபடியும் எல்லா மாநிலங்களுக்கும் வலியுறுத்தியது. தேசிய ரத்த மாற்று மன்றம் வகுத்த உச்சவரம்பில் ஒரு ஆர்.டி.பி. பைக்கு அரசு ரத்த வங்கியில் 300 ரூபாய், தனியாரில் 400 ரூபாய். ஆறு பை என்றால் தனியாரில் 2,400. வடிகட்டி, கதிர்வீச்சு, கூடுதல் கிருமிச் சோதனை ஆகியவை இதற்கு மேல் வரும். ரசீதில் தனித்தனியாகப் போட்டுக் கேளுங்கள்.

எஸ்.டி.பி.க்குத் தனியாரில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். மிஷினில் மாட்டும் குழாய்த் தொகுப்பை ஒரு டோனருக்கு ஒரு முறை மட்டுமே பயன்படுத்த முடியும். செலவில் பெரும்பங்கு அதற்குத்தான். அதைப் பிரித்து மாட்டிய பிறகு நரம்பு கிடைக்காமல் பாதியில் நின்றால் கட்டணம் யாருடையது என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்கு ரத்தத்துக்குக் கட்டணம் இல்லை. தனியாரில் சேர்ந்திருப்பவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தங்கள் சிகிச்சைக்கு ரத்தச் செலவும் அடங்குமா என்று காப்பீட்டு கவுண்டரில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை டிஸ்சார்ஜ் அன்று செல்லாது.

7. நேரக் கணக்கு

இன்று காலை டோனரைக் கொடுக்க வைத்தால் இன்று மதியமே பை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடுத்த ரத்தத்தை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். அதன் பிறகு ஓய்வு. கூடவே எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, சிஃபிலிஸ், மலேரியா சோதனைகள். எல்லாம் முடிந்து கைக்கு வர மறுநாள் ஆகிவிடும். எஸ்.டி.பி.யில் சோதனை முதலில், எடுப்பது பிறகு. காலையில் முதல் ஆளாகச் சாம்பிள் கொடுத்தால் அன்று மாலைக்குள் பை கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஸ்டாக் எப்போது நன்றாக இருக்கும்? பெரிய ரத்ததான முகாம் முடிந்த மறுநாள். ஜூன் 14, அக்டோபர் 1 ஆகிய ரத்ததான தினங்களை ஒட்டி முகாம்கள் அதிகம். ஆனால் எல்லா முகாம் ரத்தத்திலும் பிளேட்லெட் எடுக்க முடியாது. ஜவ்வாது மலைப் பக்கமோ தூரத்துக் கிராமத்திலோ எடுத்து, ஐஸ் பெட்டியில் குளிரவைத்துக் கொண்டுவந்த ரத்தம் சிவப்பணுவுக்குத்தான் ஆகும். ஒரு தடவை குளிர்ந்துவிட்டால் பிளேட்லெட் தட்டை வடிவம் இழந்து உருண்டுபோகிறது. உடம்பில் ஏறியதும் கல்லீரல் அதைச் சீக்கிரமே அகற்றிவிடும். முகாமில் இருநூறு பேர் கொடுத்தார்களாமே, பிளேட்லெட் இல்லையா என்று கேட்பதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

டாக்டர் காலை ரவுண்டில் 'நாளைக்கு வேண்டியிருக்கும்' என்று சொன்னால், அன்று மாலைக்குள் ரத்த வங்கியில் படிவத்தைப் பதிந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் திங்கள் வரைக்கும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

8. பையைக் கையில் வாங்கும்போது

இரண்டு நிமிடம்தான், ஆனால் விடாதீர்கள். லேபிளில் நோயாளியின் குரூப், எடுத்த தேதி, காலாவதித் தேதி, வகை, சோதனை முடிவுகள் இருக்கும். தேர்வு செய்ய வழியிருந்தால் இரண்டாம் மூன்றாம் நாள் பையைக் கேளுங்கள். இல்லையென்றால் ஐந்தாம் நாள் பையும் செல்லும், மறுக்க வேண்டாம்.

பிறகு பையை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ரத்த வங்கியில் இரவு ஷிப்டில் இருந்த ஓர் அம்மா. ஆட்டும் மிஷினின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே தட்டுகள் இடமும் வலமுமாக ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தன. ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, 'பாருங்க சார், உள்ள மினுமினுன்னு ஓடுது இல்ல? இதுதான் உயிரோட இருக்குன்னு அடையாளம்' என்றார். ஆரணிப் பட்டை வெளிச்சத்தில் திருப்பும்போது நிறம் அலையலையாக ஓடுமே, அப்படி ஓடியது. பிளேட்லெட்கள் தட்டையாக இருக்கும்வரை ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் வரும் மினுக்கம் அது. ஆட்டுவது நின்றுபோனாலோ, ஒரு பையில் அளவுக்கு மீறி பிளேட்லெட்டும் குறைவான பிளாஸ்மாவும் இருந்தாலோ, லாக்டிக் அமிலம் சேர்ந்து பிளேட்லெட்கள் உருண்டுவிடும், மினுக்கமும் போய்விடும். பை மங்கலாக, அசைத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் கேளுங்கள். கரையாத கட்டி, நிறமாற்றம், உப்பிய பை, கசிவு எதுவாக இருந்தாலும் வாங்காதீர்கள். லேசான இளஞ்சிவப்பு மட்டும் இருந்தால் கொஞ்சம் சிவப்பணு கலந்திருக்கும். ரத்த வங்கியிலேயே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும்போது ஐஸ் வேண்டாம். சிவப்பணுப் பையும் கூடவே வாங்கினால் இரண்டையும் ஒரே ஐஸ் பெட்டியில் போடாதீர்கள்; நம் ஆட்கள் அடிக்கடி செய்வது இது. வேலூர் வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியும் ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. டிக்கிக்குள் இன்னும் அதிகம். ஐஸ் இல்லாத தெர்மாகோல் பெட்டியோ கனத்த துணிப்பையோ போதும். வழியில் காபி குடிக்க நிற்காதீர்கள். ராணிப்பேட்டைக்கோ சென்னைக்கோ கொண்டுபோக வேண்டியிருந்தாலும் சில மணி நேரம் ஆட்டாமல் இருப்பதால் கெட்டுவிடாது. சூடும் குளிரும்தான் எதிரி.

9. ஏற்றும்போதும் பிறகும்

வார்டில் ஆட்டும் மிஷின் இருக்காது. ஆகவே பையை வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நோயாளிக்கு ஊசி போட்ட லைன் தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் ரத்த வங்கிக்கே போங்கள். உடனே ஏற்ற முடியாமல் போனால் ரத்த வங்கியிலேயே திருப்பிக் கொடுங்கள். வார்டு பிரிட்ஜில் வைக்க யாராவது எடுத்தால் மரியாதையாகத் தடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பை அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். வடிகட்டி உள்ள புது செட் வேண்டும். முன்பு சிவப்பணு ஏற்றிய செட்டிலேயே மாட்டக் கூடாது. குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அறை வெப்பத்தில் வைத்திருக்கும் பொருள் என்பதால், மற்ற ரத்தப் பைகளை விடக் கிருமி வளரும் ஆபத்து இதில் அதிகம். 'கொஞ்சம் காய்ச்சல்தானே' என்று விடாதீர்கள்.

ஏற்றி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கவுண்ட், மறுநாள் ஒரு கவுண்ட் பார்த்தால்தான் பலன் தெரியும். இதை டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். முதல் கவுண்ட் ஏறி மறுநாள் இறங்கியிருந்தால் காய்ச்சல், தொற்று, வீங்கிய மண்ணீரல், சில மருந்துகள் காரணமாக இருக்கலாம். முதல் கவுண்டே ஏறவில்லை, இரண்டு தடவையும் அப்படித்தான் என்றால் ஆன்டிபாடி சோதனை, எச்.எல்.ஏ. (திசு வகை) பொருத்தமான டோனர் பற்றிப் பேச வேண்டிய நேரம். அதற்குள் பை மேல் பையாக ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு பைக்கும் தேதி, வகை, பை எண், எடுத்த தேதி, முன் கவுண்ட், பின் கவுண்ட், டோனர் யார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மிஷினில் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 24 தடவைக்கு மேல் கூடாது. அவர் அடுத்துச் சாதாரண ரத்தம் கொடுக்க 28 நாள் ஆக வேண்டும். மிஷினிலிருந்து சிவப்பணு முழுதாகத் திரும்பிப் போகவில்லை என்றால் 90 நாள். இந்தத் தேதிகளை டோனரின் போனிலும் ஒரு மெசேஜாக அனுப்பிவிடுங்கள், அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் அவரைக் கூப்பிடும்போது உதவும்.